பெயிண்டுக்காரி பூசிய பழப்பாகு

அன்பு மூத்தவளுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் உங்கப்பாவும் உன் தம்பியும் சுகம், என் சுண்டுவிரலில் ஒரு சின்னச் சூட்டுக் கொப்புளம், அவ்வளவுதான். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன், பேத்தி எல்லாரும் சுகம்தானா, போனில் நீ நல்லா இருக்கோம் என்று சொல்வதை நான் நம்புவதில்லை, இருமலை அடக்கிக்கொண்டு பேசுகிறாய். பேரன் ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவதாக வந்ததைத் தெரு முழுக்க முதலாவது என்றே சொல்லிவைத்திருக்கிறேன், நீ வந்து மாற்றிச் சொல்லிவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி அந்தப் பெண்ணை விருந்துக்குக் கூட்டி வந்தான், அதுதான், கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறவள். அம்மா, நீ சரின்னு சொன்னாத்தான் கல்யாணம், இல்லைன்னா இந்த ஜென்மத்துல கிடையாது என்று ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தானே, நீயும்தான், முதல்ல அவளைப் பாரும்மா, அப்புறம் பேசு என்று என்னோடு சண்டை போட்டாயே. உன்னிடம் மறைப்பானேன், வேண்டாம் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் விருந்துக்கே சம்மதித்தேன். நான் பார்த்த ஒன்பது இடமும் பிடிக்காத நாற்பது வயது ராஜாவுக்கு நகக்கண்ணில் பெயிண்டோடு வருகிறவளைப் பிடிக்கிறதாம். அவளை நாற்காலியில் உட்கார வைத்து, என் கைப்பக்குவத்தைக் காட்டி வாயடைக்க வைத்து, மரியாதையாக வழியனுப்பிவிடலாம் என்பது என் திட்டம்.

அதற்குத்தான் பன்றி விலா. கறிக்கடைக்காரரிடம் இரண்டு முழுப் பாளம் வாங்கி, உள்பக்கத்து ஜவ்வைத் துணியால் பிடித்து உரித்து, உப்பு மிளகு பூண்டு தேய்த்து முதல்நாளே ஊற வைத்தேன். அன்னாசியை அரைத்துச் சர்க்கரையும் வினிகரும் மிளகாய்த்தூளும் சேர்த்துக் காய்ச்சி, கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கினேன். பின்வாசலில் அடுப்பை மூட்டி, தணலை ஒரு ஓரம் ஒதுக்கி, கறியை மறு ஓரம் வைத்து மூடி, மூன்று மணி நேரம் காவல் இருந்தேன். எலும்பு முனை தெரியக் கறி சுருங்கி வந்தது, அதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. வாசலில் அவர்கள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும்தான் என் புத்தி கெட்டது. அவள் கண்ணில் பளபளவென்று பட வேண்டுமே என்று ஒரு பாளத்தைத் தணலுக்கு நேராக இழுத்து, பாகில் பாதியை அப்படியே மொண்டு ஊற்றினேன். நிற்குமா, வழிந்து தணலில் விழுந்து குப்பென்று பற்றிக்கொண்டது, இழுக்கப் போய் விரலிலும் சூடு. உங்கப்பா எட்டிப் பார்த்து, தீயணைக்க வர்றவங்களுக்கும் சேர்த்துத் தட்டு வைக்கட்டுமா என்றார். இந்த மனுஷனோடு ஐம்பது வருஷம்.

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக் கொண்டுபோய்க் குழாயில் காட்டினாள், பிறகு, மீதி இருக்கறதுக்கு நான் பூசட்டுமாம்மா என்று கேட்டாள். கேட்டாள் பார், தானாக எடுக்கவில்லை. வேண்டாம் என்றுதான் வாய்வரை வந்தது, ஆனால் நாலு வயிறு, ஒரே பாளம், தலையை ஆட்டிவைத்தேன். இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி மெல்லிசாக ஒரு பூச்சு பூசி மூடினாள், அஞ்சு நிமிஷம் கழித்துக் கரண்டி முதுகால் தொட்டு, ஒட்டுது, ஆனா பாகு கரண்டியோட வரலை, இப்ப அடுத்தது போடலாம் என்றாள். அவசரப்பட்டா காருலயும் இப்படித்தாம்மா வழியும், முதல் வருஷம் ஒரு டாக்டரோட காரையே வழியவிட்டேன், மேஸ்திரி ஒரு மாசம் என்னைச் சக்கரம் கழுவ வச்சார் என்றாள். என் மானத்தைக் காப்பாற்றத் தன் மானத்தை விட்டுக்கொடுக்கிறாள் என்று எனக்கா தெரியாது? ஐந்து பூச்சு, கடைசியில் அந்தக் கறியில் என் மூக்குக்கண்ணாடியே தெரிந்தது.

உங்கப்பா ஆறு எலும்பு தின்றார், அவருடைய டாக்டரிடம் சொல்லிவிடாதே. அவளும் நாசூக்கு ஒன்றும் பண்ணாமல் விரலை நக்கித்தான் சாப்பிட்டாள். நான் எரித்ததிலும் தேடி இரண்டு எலும்பு எடுத்து, உப்பு நல்லா இறங்கியிருக்கும்மா என்றாள். பொய் இல்லை, இறங்கித்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். சட்டென்று சரி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மூலையில் துருப்பிடித்து நிற்கிற இரும்பு அலமாரியைக் காட்டி, இதுக்கு எத்தனை பூச்சு ஆகும் என்று கேட்டேன். நாலும்மா, ஒவ்வொண்ணும் நல்லாக் காயணும் என்றாள். அப்ப ஞாயிறுக்கு ஒண்ணா நாலு ஞாயிறு வா, நாலாவது ஞாயிறு உங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிட்டு வா, நாள் குறிச்சிடலாம் என்றேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உன் தம்பி உடனே சமையலறைக்குள் ஓடிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டான், அவன் அழுவது எங்களுக்குக் கேட்கக் கூடாதாம்.

அதனால் அந்த நாலாவது ஞாயிறுக்கு இப்போதே லீவுக்கு எழுதிக்கொடு, டிக்கெட் கிடைக்கவில்லை என்று கடைசியில் கதைவிடாதே. இருமலுக்கு மருந்து சாப்பிடு. குழந்தைகள் தலையில் என் இரண்டு கையும் இருக்கிறது, நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். மறக்காமல் இன்னொன்று, அலமாரிக்கு அவள் கிளிப்பச்சை எடுத்திருக்கிறாள். எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் வாயைத் திறக்கப்போவதில்லை, நீயும் திறக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், கூடிய சீக்கிரம் ஒரு மருமகளுக்கும் மாமியார்,
அம்மா