கறுப்பு நாடாப் பூ

வாஷிங்டன், மார்ச் 1801

அன்புள்ள தபிதா,

குழந்தையின் இருமல் நின்றதா? உன் தலைவலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

புதன்கிழமை புதிய அதிபர் பதவியேற்றார். விடுதியிலிருந்து நடந்தே போனார். தேர்தலில் தோற்ற நம் அதிபர் அதைப் பார்க்க நிற்கவில்லை. விடியும் முன்பே ஊருக்கு வண்டி ஏறிவிட்டார்.

நம் கட்சிக்காரர்கள் எல்லோரையும் போல நானும் கட்சி அடையாளமாக, நீ தொப்பியில் தைத்துக் கொடுத்த கறுப்பு நாடாப் பூவை அணிந்திருந்தேன். மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசை லெமுவேல் அதைப் பார்த்தான்.

"என்னய்யா, இன்னும் துக்கம் கொண்டாடுறியா? உங்க ஆளே சொல்லாம கொள்ளாம ஓடிட்டாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதிய அதிபர் நம் கட்சிக் குமாஸ்தாக்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இந்த வேலை போனால் உங்களை இங்கே அழைத்துக்கொள்ள முடியாது.

கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் மாடிப்படியில் நின்று பிய்த்தேன். நீ இறுக்கித் தைத்திருந்தாய். தொப்பியும் சேர்ந்து கிழிந்தது. பின்னால் வந்த லெமுவேல் முகம் மாறிவிட்டது.

"அட, சும்மா வம்புக்குச் சொன்னேன்யா. அதுக்குள்ள பிச்சுட்டியே!"

நீ கவலைப்படாதே. இங்கே ஈரம் அதிகம், கம்பளிக் காலுறை அனுப்பு. தபால் வண்டி கிளம்பப்போகிறது. கறுப்பு நூலும் கொஞ்சம் வை. பூ இருந்தபோது கவனிக்காதவர்கள்கூட இப்போது அந்தக் கிழிசலைப் பார்க்கிறார்கள்.

உன்
ஜோசையா