ஏப்ரல் வரை பொறுக்கலாம்

அன்புள்ள மகனுக்கு,

என் பேத்தி பிரணவி அமெரிக்காவில் படிப்பதை நான் மறிப்பதாக உன் மனைவி கோயிலில் சொல்லித் திரிகிறாளாம். அது பிழை. 'ஏர்லி டிசிஷன்' படிவத்தில் நீ நாளைக்குக் கையெழுத்திட வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதில் இடம் கிடைத்தால் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்துக்கே போயாக வேண்டும். வழமையாக விண்ணப்பித்தால், ஏப்ரலில் எல்லாப் பதில்களையும் பார்த்துத் தெரிவு செய்யலாம்.

"எனக்கு இன்னும் ஷுவர் இல்லை, அப்பம்மா" என்று பிரணவியே என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு யாழ்ப்பாண வீட்டை விற்கும் பத்திரத்தை நீட்டி, "கெதியாப் போடுங்கோ, அம்மா" என்றாய். கொன்வென்டில் படித்த நான் ஒரு வரியும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இங்கே ரானுயியில், உன் வீட்டில் நீ தந்த அறை வசதியானது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பிறகு கதைப்பம்" என்று கதவடியில் நின்று சொல்லாதே. இன்றைக்கே எழுத்தில் பதில் தா.

அம்மா