அன்று ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தது நான்தான், மாமா

என் பிரியமான மாமாவுக்கு,

நீங்கள் போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது. அக்கா சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், கோபப்படுகிறாள். அதனால் அவளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கோபமெல்லாம் இப்போது உங்கள் பேத்தி நிலாமேல்தான். பிளஸ் டூ முடித்துவிட்டு விமானம் ஓட்டப் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்க தாத்தா ஓட்டிக் கிழிச்சதே போதும். எந்தம்பிய மேல கூட்டிகினு போயி சாவடிக்கப் பாத்த மனுஷன். அந்தப் புத்தி உனக்கும் வந்துச்சா?"

நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். தலையைத் தூக்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அதைத்தானே செய்கிறேன்? முன்பெல்லாம் பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள். ரசத்தைப் பிசைந்துகொண்டே லேசாகச் சிரிப்பீர்கள். அந்த நாற்காலி காலியான பிறகு என்னால் முடியவில்லை மாமா. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்று, ஆடி மாதம். அப்போது நீங்கள் மறைமலை நகரில் ஷிப்ட் என்ஜினியர். ஞாயிற்றுக்கிழமையானால் மீனம்பாக்கத்துக்கு ஓடிவிடுவீர்கள், பயிற்சி விமானம் ஓட்ட. எனக்குச் சுங்குவார்சத்திரத்தில் ஸ்டூடியோ. பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், காதுகுத்து. ஸ்டூல்மேல் ஏறி லைட் மாட்டினாலே எனக்குக் கால் நடுங்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஜவ்வாது மலைக்கு மேலே ஒரு மேகத்தைப் பார்த்ததாக நீங்கள் கம்பெனியில் சொல்லியிருந்தீர்கள். தோசையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் வழவழப்பாக இருந்தது, அவ்வளவு காற்றிலும் இடத்தைவிட்டு அசையவில்லை என்று. லைனில் வேலை பார்த்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்களாம். ஸ்டூடியோவுக்கு வந்து நின்றீர்கள்.

"டேய் பாஸ்கரு, நீ வந்து ஒரு போட்டோ புடி. அப்புறம் எவன் சிரிக்கிறான்னு பாக்கலாம்."

"எனக்குப் பயம் மாமா."

"இன்னாத்துக்குப் பயம்? நான் கீறேன் இல்ல."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் ஏறினேன். நிலாவின் அம்மாவுக்கு அப்போது எட்டு வயது; அக்காவுக்கு இரண்டாவது பிரசவம், ஏழாம் மாதம். வாசலில் நின்று, "பத்திரமா கூட்டிகினு வந்துடு, இன்னா?" என்று என்னைக் காட்டி உங்களிடம் சொன்னாள்.

விமானம் ஒரு பழைய அம்பாசிடர் காரைவிடச் சின்னது. எனக்கு முன்னாலும் ஒரு ஸ்டியரிங் இருந்தது. நீங்கள் திருப்பினால் அதுவும் திரும்பியது. "அத மட்டும் தொடாத" என்றீர்கள். வாலாஜாபாத் தாண்டி ஏரிகள் கண்ணாடித் துண்டுபோல் தெரிந்தன. நான் அதிகம் பார்க்கவில்லை. என் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலை நெருங்கியதும், "தோ, பாரு" என்றீர்கள்.

பார்த்தேன். நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மலைக்கு மேலே மூன்று அடுக்கு, ஓரம் வெள்ளிபோல் மின்ன, அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதை அழகு என்று என்னால் நினைக்க முடியவில்லை. இத்தனை காற்றில் ஒன்று அசையாமல் நிற்கிறதென்றால் அது எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று தோன்றியது. ஜன்னலைத் திறந்து ஆறு படம் எடுத்தேன்.

ஏழாவது படம் எடுப்பதற்குள் கீழே இருந்த காற்றை யாரோ உருவிவிட்டார்கள்.

என்ஜின் அதே சத்தத்தோடுதான் ஓடியது. ஆனால் நாம் இறங்கிக்கொண்டிருந்தோம். உயரம் காட்டும் முள் கடிகார முள் பின்னால் ஓடுவதுபோல் ஓடியது. மலையில் மரங்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. ஒரு பாறையில் வெயில் பட்டது தெரிந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை.

நீங்கள் விமானத்தைத் திருப்பி மூக்கைக் கீழே தள்ளினீர்கள்.

வேகம் இருந்தால்தான் தப்ப முடியும், அதற்குத்தான் தள்ளினீர்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமா மலையில் கொண்டுபோய் மோதப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு கையாலும் எனக்கு முன்னால் இருந்ததைப் பிடித்து மார்போடு இழுத்தேன். மூக்கு மேலே எழும்பியது. எங்கிருந்தோ ஒரு எச்சரிக்கை ஹாரன் வீறிட்டது. ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தோம்.

"வுடுடா! பாஸ்கரு, வுடு! வுடுறா டேய்!"

நான் விடவில்லை. விடக் கூடாது என்று கை தானாக இறுக்கியது. நீங்கள் முழங்கையால் என் முகத்தில் இடித்தீர்கள். கேமரா எகிறி மோதியதில் முன் கண்ணாடி விரிசல் விட்டது. என் கை நழுவியது. அதற்கப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது கீழே சமவெளி, கரும்புக் கொல்லைகள். என் பேண்ட் நனைந்திருந்தது. நீங்கள் உங்கள் சட்டையைக் கழற்றி என் மடியில் போட்டீர்கள்.

இறங்கியதும் பயிற்சி அதிகாரி கண்ணாடியைப் பார்த்தார். என் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தையும் பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பனியனோடு நின்ற நீங்கள் சொன்னீர்கள்: "மலைக்குக் கிட்ட போயிட்டேன் சார். மூக்க ஓவரா தூக்கிட்டேன். தப்பு என்னுதுதான்."

ஏன் மாமா? அந்த ஒரு வாக்கியத்தால் அங்கே உங்களை மறுபடி விமானம் ஏற விடவில்லை. நீங்களும் வேறெங்கும் போய்க் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, "மாமா, நான்தானே" என்று ஆரம்பித்தேன். "கிட்ட கூட்டிகினு போனது நான்தானே? வூட்லயும் நான் அதயேதான் சொல்லப் போறேன், நீ வாயத் தொறக்காத. மாசமா கீறவ, இன்னும் பயந்துக்குவா" என்றீர்கள்.

சரி, பிரசவம் ஆகட்டும் என்று காத்திருந்தேன். குழந்தை பிறந்தது, வளர்ந்தது, அவளுக்குக் கல்யாணமும் ஆனது. அவள் கல்யாணப் பந்தியில்கூட அக்கா இதைச் சொல்லி உங்களைத் திட்டினாள். முதலில் உங்கள் பேச்சைக் காப்பாற்றினேன். பிறகு காப்பாற்றியது என்னை மட்டும்தான். ஆஸ்பத்திரியில் கடைசி மூன்று நாள் உங்கள் காலைப் பிடித்துவிட்டபோதும், 'சொல்லிவிடட்டுமா?' என்று கேட்கத் துணிவில்லை.

இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அக்காவுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. ஒரு நல்ல மனிதரை இத்தனை வருடம் வீணாகத் திட்டினோமே என்று அவள் உடைந்துபோனால்? உன் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று அனுப்பிவிட்டால்? எனக்கென்று இருக்கும் ஒரே வீடு அவள் வீடு.

ஆனாலும் நாளைக் காலை போகிறேன். நிலாவையும் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக்காட்டுவேன். அக்கா என்ன சொன்னாலும், இத்தனை வருடம் நீங்கள் கேட்டுக்கொண்டதுபோல் எதிர்ப்பேச்சு இல்லாமல் கேட்டுக்கொள்வேன். அதன்பிறகு நிலா எங்கே படிக்கப் போகிறாள் என்பதை அவர்கள் இருவரும் பேசி முடிக்கட்டும். அவள் தாத்தாவுக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்பது தெரிந்தபிறகு பேசட்டும்.

நீங்கள் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து விட்ட மைத்துனன்,
பாஸ்கர்