நாலு காணியும் சேருகிற மூலை

கப்பல்துறை,
16.9.1979

மாதா துணை

அன்புள்ள நிஸாவுக்கு,

நீயும் வாப்பாவும் உம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் நல்ல சுகம். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு வருடமாகிவிட்டதால் எழுத்து கோணிப் போகிறது. இங்கே சேரச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்க வெட்கப்பட்டு நான்தான் போகவில்லை. சிரித்துக்கொண்டு எழுதுவதாலும் எழுத்து கோணுகிறது. எங்களுக்குச் சொந்தமாக ஒரு வீடு வந்துவிட்டது!

தோட்டத்திலிருந்து தப்பி வந்த நாலு குடும்பத்துக்கும் ஆளுக்கொரு துண்டுக் காணி தந்தார்கள் அல்லவா? நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? றொபேட் மாமாவின் துண்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு லயம் கட்டினோம். ஒரே கூரை, இடையிடையே மண் சுவர், நாலு கதவு. வீடு என்றால் எங்களுக்குத் தெரிந்தது அதுதானே. கிண்ணியாவிலிருந்து வண்டியில் கூரைக்குக் கிடுகு கொண்டுவரும் ஆதம்பாவா காக்கா அதைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, இது வூடா, கோச்சியா? எஞ்சின் எங்க?" என்று கேட்டார். மாமா விடுவாரா? "கொஞ்சம் பொறுங்க, நான் படுத்ததும் எஞ்சின் சத்தம் கேக்கும்" என்றார்.

ஆனால் அம்மாவுக்கு அந்தச் சுவர் விளையாட்டு இல்லை. கலவரத்தில் தோட்டத்து லயத்துக்கு நெருப்பு வைத்த அன்று பக்கத்து வீட்டார் சுவரில் தட்டியதால்தான் நாங்கள் எழும்பி ஓடினோம். உங்கள் கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது உனக்குத் தெரிந்த கதை. இங்கே வந்த பிறகும் விளக்கேற்றியதும் அம்மா சுவரில் தட்டுவார். அடுத்த வீட்டார் தட்டுவார்கள். அந்தத் தட்டு கடைசி வீடு வரை போய்த் திரும்பி வந்தால்தான் அம்மா பாய் விரிப்பார். அப்பா தம்பலகாமத்தில் வயல் வேலைக்குப் போய்த் தங்கும் நாட்களில் திரும்பத் திரும்பத் தட்டுவார்.

ஆடி மாதம் காணி தந்த கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்தார். "மாரிக்கு முன்னம் அவரவர் துண்டில வீடு இருக்க வேணும். வெறுங்காணியா விட்டா வேற ஆக்களுக்குத்தான் குடுக்க வேண்டி வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அசையவில்லை. "காணி போனாப் போகட்டும். தனியா இருந்து தட்டுனா யாருக்குக் கேக்கும்?" என்றார். அப்பா கோபப்படவில்லை. "இன்னும் எத்தன தரம் ஓடுறது? இதையும் விட்டா எங்க போறது, சொல்லு பாப்போம்" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் முற்றம் கூட்டும்போது எனக்கு ஒன்று தோன்றியது. வாயால் சொல்ல எனக்கு வராது, அது உனக்குத் தெரியும். விளக்குமாற்றுக் காம்பால் மண்ணில் நாலு காணியையும் கீறினேன். நாலும் ஒரு மூலையில் வந்து முட்டுகின்றன. அந்த மூலையைச் சுற்றி, துண்டுக்கு ஒன்றாக நாலு சிரட்டையை வைத்தேன். தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மா நின்று பார்த்தார். "இதுல நம்ம வீடு எது?" என்று கேட்டார். நான் ஒரு சிரட்டையைத் தொட்டேன். "றொபேட்டு வீடு?" பக்கத்துச் சிரட்டையைத் தொட்டேன். அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டார். கிடுகு இறக்க வந்த ஆதம்பாவா காக்காவும் எட்டிப் பார்த்து, "ஆரு இந்த எஞ்சினியர்?" என்றார். நான் குசினிக்குள் ஓடிவிட்டேன்.

அப்படியே கட்டினோம். வீடுகளைப் பார்க்க வந்த கந்தோர் ஐயா சுற்றிச் சுற்றி நடந்தார், நாடா பிடித்து அளந்தார். "எல்லாம் சரிதான். ஆனா இவ்வளவு காணியிருக்க, மூலையில வந்து குந்தியிருக்கிற வீடுகளை இப்பத்தான் பார்க்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

போன ஞாயிறு பால் பொங்க வைத்தோம். அப்பா அன்றே வேலைக்குப் போய்விட்டார். விளக்கேற்றியதும் அம்மா வாசலில் நின்று மாமாவைக் கூப்பிட்டார். "அக்கா, எதுக்குக் கத்துறீங்க? உங்க சட்டியில கருவாடு கருகுறதே இங்க மணக்குது" என்று பதில் வந்தது. அம்மா சிரித்த சிரிப்பு நாலு வீட்டுக்கும் கேட்டிருக்கும். மறுநாள் காலையில் வெயில் பாயில் விழுந்த பிறகும் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். சீனக்குடாவில் கோச்சி கூவியது, அதற்கும் எழும்பவில்லை. நான் தேத்தண்ணீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், நிஸா.

வாப்பா இப்போது கடையை வெள்ளனவே பூட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். ஏன் என்று நீ எழுதவில்லை. எங்களை வைத்திருந்ததற்காகக் கடைக்குக் கல்லெறிந்ததையும் நீ எழுதவில்லை. உங்கள் கடைக்குச் சாமான் இறக்கும் லொறிக்காரர் சொல்லித்தான் தெரியும். எங்கள் காணியில் கிழக்குப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதில் ஒன்றும் நட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது. வந்தால், சாமான் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கடிதம் போட்டுப் பதில் பார்த்திருக்கவும் வேண்டாம். பஸ் ஏறிவிடுங்கள்.

மாதாவும் உங்கள் அல்லாவும் உங்களைக் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள தோழி,
கிறேஸ்