நியமன நாற்காலி

1938, ஆடி 14.

சமஸ்தான சட்டசபையில் என்னை நியமன உறுப்பினராக்கச் சம்மதமா என்று கேட்க, மேலிடம் என் மைத்துனனைத் தூது அனுப்பியிருந்தது. போன சபையில் ஏரி மராமத்து பற்றி நான் கேட்ட கேள்வியை அனுமதிக்க மறுத்தவர்களுக்கு இப்போது என் மேல் பாசம்!

"எதுக்கு மச்சான் ஓட்டுக்கு வீடு வீடாக் கும்புடு போட்டு அலையணும்? அதே நாக்காலிதானே?"

"அவுங்க போட்ட நாக்காலியில உக்காந்து அவுங்களையே கேள்வி கேக்க முடியுமா மாப்ளே? திருமயத்துல தேர்தல்ல நிக்கிறேன்னு போய்ச் சொல்லு."

"தோத்துட்டா?"

"தோத்தா, ஊரு என்னைய வேணாம்னு சொன்னதா இருக்கட்டும். அதைச் சொல்ல ஊருக்குத்தான் உரிமை."

காபியைத் தொடாமல் எழுந்து போனான். அவன் அக்காவும் என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். காலையில் முதல் பஸ்ஸில் திருமயம் போகிறேன், கும்பிடு போட.