கோயில் எண்ணெயில் செய்த சவர்க்காரம்

மார்ச் 7, சனிக்கிழமை, காலை 7.50. வந்த பிள்ளைகள் பதினொருவர்.

தேதி, நேரம், எண்ணிக்கை என்று எழுதித் தொடங்குவது ஆலையில் பழகிப்போனது. ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவனுக்கு அப்படித்தான் எழுதி வைப்போம். உனக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "அன்புள்ள" என்று உன்னை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. டேய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். இப்போது மட்டும் மரியாதை கொடுத்தால் நீயே சிரிப்பாய்.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சாமான் அறையை இன்று நான்தான் திறந்தேன். டிசம்பரிலிருந்து பூட்டிக் கிடந்த அறை. கதவைத் தள்ளியதும் வாடை முகத்தில் அடித்தது. பொரித்த எண்ணெய் வாடை, அதற்குமேல் கற்பூரம். வேலை முடிந்து நீ என் கார் சீட்டில் வந்து உட்காரும்போது இதே வாடைதான் வரும். கண்ணாடியை இறக்கு என்று திட்டுவேன். இன்று வாசலிலேயே நின்றுவிட்டேன். பின்னால் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்ததால், சாவி பூட்டில் மாட்டிக்கொண்டது போல் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தேன்.

நிலைமை இதுதான். பிள்ளைகளுக்காக நீ நடத்திய கழகத்துக்குப் பொறுப்பேற்க ஆசிரியர்கள் யாரும் முன்வரவில்லை. எல்லாருக்கும் ஏற்கெனவே இரண்டு மூன்று கழகங்கள். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். "பேருக்கு ஒரு ஆசிரியர நான் போட்டுக்குறேன். நடத்தறது நீங்கதான். ஆனா மாசக் கடைசிக்குள்ள இருபது பிள்ளைங்களாவது சேரணும். இல்லன்னா மூடிட வேண்டியதுதான். அறைய விளையாட்டுச் சாமான் வைக்கக் கேக்குறாங்க." அவர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. கணக்கு அப்படி. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டதே நீதான். நான் ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் படித்துவிட்டு பாசிர் கூடாங் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். நீ ஆசிரியர் பயிற்சி முடித்து ஊருக்கே, இந்த மாசாய்ப் பள்ளிக்குத் திரும்பி வந்தாய். ஒரு நாள் போன் செய்து, "டேய், உனக்குக் காஸ்டிக் சோடா கலக்கத் தெரியுமா?" என்று கேட்டாய்.

"அதான்டா என் வேல. டன் கணக்குல கலக்குறேன்."

"அப்ப சனிக்கிழமை வா. எனக்குப் பயமா இருக்கு. பிள்ளைங்க பக்கத்துல நிப்பாங்க."

ஒரு சனிக்கிழமை என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

வந்த அன்றே உன்னோடு சண்டை போட்டேன். சுவரில் ஐ.நா.வின் பதினேழு இலக்குகளும் வண்ண வண்ணக் கட்டங்களாக ஒட்டியிருந்தன. வறுமையை ஒழிப்பது, கடலைக் காப்பது, பூமி சூடாவதைத் தடுப்பது. "இதெல்லாம் நாலாம் ஆண்டு பிள்ளைங்க செய்யுற வேலையாடா? பெரிய பெரிய நாடே கைய விரிக்குது. போஸ்டர் வரஞ்சு, படம் எடுத்து, பரிசு குடுத்து அனுப்பு. அவ்வளவுதான்" என்றேன். போஸ்டர் போட்டியெல்லாம் முன்பே நடந்து, அந்த அட்டைகள் குப்பைக்குப் போவதையும் பார்த்தாகிவிட்டது என்று நீ சொன்னாய். பிறகு ஜன்னல் வழியாக ஆண் பிள்ளைகளின் கழிப்பறையைக் காட்டினாய்.

"அங்க கை கழுவ சோப்பு இல்ல. ஆறாவது இலக்கு, சுகாதாரம், அங்கேருந்து ஆரம்பிக்குது. பன்னெண்டாவது இலக்கு, எதையும் வீணாக்காம இருக்குறது, எங்க இருக்குன்னு காட்டட்டா? வேலிக்கு அந்தப் பக்கம் லோங்காங்ல மெதக்குது பாரு."

பார்த்தேன். பக்கத்துத் தாமான் குடியிருப்பு வீடுகளில் பொரித்து முடித்த எண்ணெயெல்லாம் சாக்கடையில் வந்து, வெள்ளையாய் உறைந்து, தண்ணீரை மறித்துக்கொண்டு நின்றது. வீடு வீடாகப் போய் அந்த எண்ணெயை வாங்குவது, துணியில் வடிகட்டுவது, சவர்க்காரம் காய்ச்சுவது, பள்ளிக் கழிப்பறையில் வைப்பது. உன் திட்டம் அவ்வளவுதான். எனக்கு அது சின்னதாகப் பட்டது. சின்னதாக இருந்ததால்தான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் இன்று அந்த அறையில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது நன்றாக நடந்த நாள்கள் அல்ல. போன ஆடி மாதம் நாம் கெடுத்த சவர்க்காரம்.

அந்த முறை அச்சுப் பெட்டிகளைத் திறந்தபோது எதுவும் கட்டியாகவில்லை. கூழாக, மேலே எண்ணெய் கசிந்துகொண்டு கிடந்தது. சோதனைத் தாளை வைத்தேன். கருநீலம். சோடா எண்ணெயோடு சேராமல் மிச்சம் இருக்கிறது, தொட்டால் தோல் வெந்துவிடும் என்று அர்த்தம். "யாரும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினேன். பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். என் கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. அப்புறம்தான் குனிந்து முகர்ந்தேன். கற்பூரம்.

"இது யாரு கொண்டாந்த எண்ணெய்?"

தர்ஷினி மெதுவாகக் கையைத் தூக்கினாள். அப்போது ஐந்தாம் ஆண்டு. கழகத்தில் எல்லாரையும் விரட்டி வேலை வாங்குகிறவள் அவள்தான். "கோயில் எண்ணெய் சார். ஆடி வெள்ளிக்கு வெளக்குல நெறைய மிஞ்சிருச்சு. பண்டாரம் லோங்காங்ல ஊத்தப் போனாரு. நான்தான் ஊத்தாதீங்கன்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவள் செய்திருக்கிறாள். கோயிலுக்கென்று கடையில் மலிவாக விற்கும் எண்ணெய் சமைக்கிற எண்ணெய் இல்லை, எரிக்கிற எண்ணெய், பெட்ரோலியச் சரக்கு கலந்தது, அது சோடாவோடு சேர்ந்து சவர்க்காரமாக மாறாது என்று நாம் அவளிடம் எங்கே சொன்னோம்? எனக்கே தோன்றவில்லை. எந்தப் பொறியியல் வகுப்பிலும் ஆடி வெள்ளி வராது.

"சரி, எல்லாத்தையும் கொட்டிடலாம்" என்றேன்.

கவினேஷ் கேட்டான்: "எங்க சார் கொட்டுறது?"

நான் யோசிப்பதற்குள் இன்னொருத்தி, "சாமி எண்ணெய் சார். லோங்காங்ல ஊத்தக்கூடாது" என்றாள். "கக்கூஸ்லயும் வைக்கக்கூடாது" என்றது இன்னொரு குரல். "அலமாக்! நாம செஞ்சதே கக்கூஸுக்குத்தான?" என்றான் கவினேஷ். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு முகமாகப் பயந்தது. தர்ஷினி அழ ஆரம்பித்துவிட்டாள்.

நீ ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாய். சும்மா உட்கார்ந்திருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் காதருகே வந்து, "வழி எனக்குத் தெரியும்டா. நான் சொல்லிடுறேன், ரெண்டு நிமிஷ வேல" என்றேன்.

"நீ வாய மூடு லா. யோசிச்சிட்டு இருக்காங்க."

யோசிக்கிறார்களா, ஒருவரை ஒருவர் கிள்ளுகிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கொசுவை அடித்தேன். நீ அசையவில்லை. எனக்கு அந்த நேரம் ஒரு ஷிஃப்ட் நீளம் இருந்தது. அப்புறம் நாலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி, இதுவரை வாயே திறக்காதவள், கேட்டாள்: "சோடாதான் மிச்சம்னா, அது திங்கறதுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் குடுக்கலாமா சார்?"

நான் சொல்ல இருந்தது அதேதான். நீ என்னைத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினாய். அந்தப் பல்லை உடைக்க வேண்டும் போல் இருந்தது.

தர்ஷினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் போய் வாங்கிட்டு வரேன். என்ன பொரிச்சீங்கன்னு கேட்டு, பொரிச்ச எண்ணெய் மட்டும் வாங்குறேன்" என்றாள். மறுபடி காய்ச்சினோம். சோதனைத் தாள் ஒழுங்கான நிறத்துக்கு வந்தது. ஆனாலும் அந்தச் சவர்க்காரம் இறுகவில்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது. இதை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் அவளே வழி சொன்னாள். வெளக்குத் தேய்க்கக் கோயிலுக்கே கொடுத்துவிடலாம். சாமி எண்ணெய் சாமியிடமே போய்விடும்.

கோயிலில் பண்டாரத்தை நீ கையுறை போடச் சொன்னது நினைவிருக்கிறதா? "வெளக்குத் தேய்க்க உறையா? நான் என்ன டாக்டரா தம்பி?" என்று முனகிக்கொண்டே போட்டார். தேய்த்தார். கறுப்பு வழித்துக்கொண்டு வந்தது. "பரவால்லையே, என் பொண்டாட்டிய விட நல்லா வெளக்குது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அப்ப இனிமே சோப்புகிட்டயே சோறு கேளுங்க" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

திரும்பி வரும்போது காரில் உன்னைக் கேட்டேன். "ஒரு வரியில முடிக்க வேண்டியத, அவ்வளவு நேரம் ஏன்டா வீணாக்குன?"

"வீணா? அந்த நேரத்துக்குத்தான்டா எனக்குச் சம்பளம்" என்றாய்.

பதிலுக்கு நான் ஏதோ கிண்டலாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை.

டிசம்பர். பள்ளி விடுமுறை. மழை. நெடுஞ்சாலையில் உன் மோட்டார் சைக்கிள், ஒரு லாரி. இதற்குமேல் எழுத மாட்டேன். உன் வீட்டுக்குப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். தர்ஷினி மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வா என்று உன் அம்மா கூப்பிட்டும் வரவில்லை. எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது அவள் அங்கே இல்லை.

இன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். கேவலமாக நடந்தது. இலக்குகளைச் சொல்லுங்கள் என்றேன். வாய்ப்பாடு மாதிரி பதினேழையும் ஒப்பித்தார்கள். சரி, இந்த வருடம் என்ன செய்யலாம் என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நானே மழைநீர்த் தொட்டி என்று ஆரம்பித்து, கொள்ளளவு, குழாய் விட்டம் என்று வெண்பலகை முழுக்க எழுதித் தள்ளிவிட்டேன்.

கவினேஷ் கையைத் தூக்கினான். இப்போது அவனும் ஆறாம் ஆண்டு. "சார், கேள்வியும் நீங்களே கேட்டீங்க, பதிலும் நீங்களே சொல்லிட்டீங்க."

"அந்த சார் உக்காந்திருப்பாரு" என்றாள் சோடாவுக்கு எண்ணெய் கொடுக்கலாமா என்று கேட்டவள்.

எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு உட்கார்ந்தேன். கண் தானாகக் கைக்கடிகாரத்துக்குப் போனது. அதை மறு கையால் மூடிக்கொண்டேன். எப்படிடா நீ இதைச் செய்தாய்? எல்லா முகமும் நம்மைப் பார்க்கும்போது, பதில் நாக்கு நுனியில் நிற்கும்போது, எப்படிச் சும்மா இருந்தாய்?

கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பெண்தான் பேசினாள். நான் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை அது. "தர்ஷினி அக்கா வந்தாதான் மத்தவங்க வருவாங்க சார்."

"ஏன் அவ வரல?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கவினேஷ் சொன்னான். "அவ இன்னும் எண்ணெய் வாங்கிட்டுத்தான் இருக்கா சார். ஒவ்வொரு சனிக்கிழமையும் தனியாப் போவா. என்ன பொரிச்சீங்கன்னு கேட்டு வாங்குறா. வீட்டு முன்னால பாட்டில் பாட்டிலா அடுக்கி வெச்சிருக்கா. அவங்க அம்மா ஏசுறாங்க. நாங்க போய்க் கேட்டோம், குடுக்க மாட்டேங்குறா. சார்கிட்டதான் குடுப்பேன்னு சொல்றா."

"எந்த சார்கிட்ட?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் புரிந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. இந்த முறை நானும் சொல்லவில்லை.

பிள்ளைகள் போனபின் அறையைப் பெருக்கினேன். பூட்டவில்லை. காற்று வரட்டும் என்று நினைத்தேன், பிறகு அந்த வாடை போய்விடுமே என்று பூட்டினேன். உன் பிள்ளைகளுக்குச் சவர்க்காரம் காய்ச்சத் தெரிகிறது. அதைவிட, எங்கே கொட்டுவது என்று கேட்கத் தெரிகிறது. எனக்கு நீ விட்டுப் போனது அந்த வாளிமேல் உட்காரும் வேலை. எனக்குத் துளியும் ஒத்துவராத வேலை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. திங்கள் காலை, வேலைக்குப் போகுமுன், தலைமையாசிரியையைப் பார்ப்பது. நடத்துகிறேன் என்று சொல்வது.

2. சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றிக் கேட்பது. மேலாளர் முறைப்பார். முறைக்கட்டும்.

3. பிள்ளைகள் கைக்குச் சரியான அளவில் கையுறை வாங்குவது. பெரியவர்கள் உறையை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிடும் உன் வேலையெல்லாம் இனி கிடையாது. அது ஆபத்து என்று அப்போதே சொன்னேன்.

4. மழைநீர்த் தொட்டியைப் பற்றி, அவர்களாகக் கேட்கும்வரை, பேசாமல் இருப்பது.

5. செவ்வாய் மாலை தர்ஷினி வீட்டுக்குப் போவது. பாட்டில்களைக் கேட்கக்கூடாது. கழகத்துக்கு வா என்று சொல்லக்கூடாது. அவள் அம்மா அனுமதித்தால் அந்தப் பாட்டில்களுக்குப் பக்கத்தில் உட்காருவது. அவள் அழுதால் அழட்டும். பேசாவிட்டால் பேசாமல் இருக்கட்டும். கைக்கடிகாரத்தைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது.