பாலத்துப் பெட்டியின் மெமரி

நவம்பர் 11, செவ்வாய்

பாலத்துப் பெட்டி இன்றும் செத்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறினால் சங்கு ஊத வேண்டிய பெட்டி. அதற்குப் புரோகிராம் எழுதியவள் நான். ஆபீசில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பாலத்தில் வைத்தால் மட்டும் என்ன வந்தது அதற்கு?

அப்பா ஆற்றோர வாழைத் தோட்டத்தில்தான் காவல் இருக்கிறார். பயமாக இருக்கிறது.

நவம்பர் 13, வியாழன்

மிச்ச மெமரி எவ்வளவு என்று பெட்டியே எனக்கு அவ்வப்போது அனுப்பும்படி செய்தேன். காலையில் பாதிக்கு மேல் காலி. பாபநாசம் அணைப் பக்கம் மேகம் கூடியதும் சரசரவென்று குறைந்து, மதியம் ஒன்றுமே இல்லை. வெயிலடித்தால் நன்றாக இருக்கிறது, மழை வந்தால் சாகிறது. இப்படியும் ஒரு பெட்டியா?

நவம்பர் 14, வெள்ளி

காரணம் தெரிந்துவிட்டது: எங்கள் ஊர்க்காரர்கள்தான். நீர்மட்டம் தெரிய பெட்டியின் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும்; மெசேஜ் வரும். மெசேஜ் ஒவ்வொன்றாகத்தான் போகும். அதுவரை எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? மேகத்தைக் கண்டதுமே அடித்து அடித்து வைக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் மெமரியில் தனி இடம் பிடிக்கிறது என் புரோகிராம். ஆபீசில் நான் ஒருத்திதான் அடித்தேன், அதுவும் பொறுமையாக. அம்மா எடுக்கும்வரை விடாமல் அடிக்கிறவள்தானே நானும் — இது எப்படித் தோன்றாமல் போனது?

நவம்பர் 17, திங்கள்

சங்குக்கு வேண்டிய மெமரியை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அதில் எதுவும் கைவைக்க முடியாது. அழைப்புகளுக்கு வரம்பு. ஒரு எண்ணுக்கு ஓர் இடம். இடம் நிறைந்தால் அடுத்த எண்ணுக்குப் பதில் கிடையாது.

முதலாளி பெனோவுக்குப் பிடிக்கவில்லை. "பதில் வரலைன்னா ஆபீசுக்கே சண்டைக்கு வந்துருவாவளே." வரட்டும் என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் தோன்றியது. பதில் கிடைக்காத எண் அப்பாவுடையதாக இருந்தால்?

நவம்பர் 18

வானம் வெளுத்திருக்கிறது. நம்பிக்கை இல்லை.

நவம்பர் 20, வியாழன்

விடியலிலிருந்து பேய்மழை. அணையைத் திறந்துவிட்டார்கள். அப்பா போன் போகவில்லை. பெட்டியிலிருந்தும் ஒன்றும் வரவில்லை — பெட்டி செத்துச்சா, டவர் செத்துச்சா? கடவுளே, எதுன்னு தெரியலையே.

மதியம் அப்பா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டார். எடுத்ததுமே ஏச்சு.

"ஏட்டி, காலைலேர்ந்து ஒன் பெட்டிக்கு அடிக்கேன், ஒரு பதிலும் வரல. என்னத்தப் பண்ணி வச்சிருக்க?"

"சங்கு ஊதுச்சாப்பா?"

"அது ஊதுச்சு. அதக் கேட்டுல்லா எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறி வந்தோம். நான் கேட்டதுக்குப் பதில் எங்கட்டி?"

ஏசட்டும் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் குரலுக்குப் பின்னால் சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது.